மரம் நடுவதற்கு எதற்கு எம்.எஸ்சி.?

பண்ருட்டிப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பும், தோப்பு ஓரமாகப் பத்துப் பதினைந்து பலா மரங்களும் இருக்கின்றன. நான் சூழலியலில் முதுகலை சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய்.

"என்ன படிப்புடா அது?"

"அழிஞ்சுபோன காட்டை எப்படித் திரும்பக் கொண்டுவர்றதுன்னு படிக்கிறது, சித்தப்பா."

சிரித்துவிட்டார். "மரம் நடுறதுக்கு எதுக்குடா எம்.எஸ்சி.? தானே புயல்ல போன தோப்ப நாங்க திரும்ப வைக்கலையா? யாரு வந்து பாடம் எடுத்தா?"

நியாயமான கேள்விதான். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே, இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் தோப்புகளை மறுபடி எழுப்பியவர்கள் யாரும் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படித்து முடித்துச் சில வருடம் களத்தில் அலைந்த பிறகு இப்போது ஓரளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பிச்சாவரத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தப் படிப்பின் சாரத்தில் பாதி அந்தச் சேற்றுக்குள்தான் கிடக்கிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கும் அலையாத்திக் காடு அது. படகில் போய் வந்தவர்களுக்குச் சுரபுன்னையின் வளைந்த வேர்களும், வேருக்கு நடுவே நிற்கும் கொக்கும் நினைவிருக்கும். படகு போகாத உட்பகுதிகளில் ஒரு காலத்தில் மரமே இல்லாத வெட்டவெளிகள் இருந்தன. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை அங்கே கூப்பு முறையில் மரம் எடுத்தார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒரு பகுதியை மொத்தமாக வெட்டிவிடுவது. அடுத்த முறை வருவதற்குள் அது தானாக முளைத்து நிற்கும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. வெட்டிய இடம் வெட்டிய இடமாகவே கிடந்தது. பழி சுற்றுவட்டாரக் கிராமத்தார் தலையில் விழுந்தது. மாடு விடுகிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், அதனால்தான் காடு வரவில்லை என்றார்கள்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து அந்த இடங்களை ஆராய்ந்தபோது கதை வேறாக இருந்தது. மரம் போனதும் வெயில் நேரே சேற்றின் மேல் விழுந்தது. அலையாத்திச் சேறு காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் தரை உட்காரும். வெட்டிய பகுதியின் நடுவில் தொட்டி மாதிரிப் பள்ளம் விழுந்துவிட்டது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் திரும்பப் போக வழி இல்லை. நம் கரையில் ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஆளுயரப் பள்ளமெல்லாம் வேண்டாம், கொஞ்சம் உட்கார்ந்தாலே தண்ணீர் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட தண்ணீர் வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. உப்பளத்தில் நடப்பதேதான். அலையாத்தி உப்பைத் தாங்கும் இனம், சரி, ஆனால் தாங்குவதற்கும் ஒரு அளவு உண்டு இல்லையா?

காரணம் புரிந்ததும் வேலை மாறிவிட்டது. முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போலவே இருக்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் தண்ணீர் உள்ளே வந்து, வற்றத்தில் வெளியே போய், தங்கிய உப்பைக் கழுவியது. அதற்குப் பிறகுதான் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன. ஏற்றத்தில் மிதந்து வந்த விதைகளும் தாமாக ஊன்றின. சுற்றியுள்ள கிராமத்தாரும் இந்த வேலையில் சேர்க்கப்பட்டார்கள். வாய்க்கால் தூர்ந்துபோகும், திரும்பத் திரும்பத் தூர்வார வேண்டும். அந்த ஊரில் இருப்பவர்கள் இல்லாமல் அதை யார் செய்வது? உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் பிச்சாவரம் 2022இல் சேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மரங்கள் நினைவுக்கு வரவில்லை, அந்த மீன் முள் வாய்க்கால்கள்தான் வந்தன.

இப்போது சித்தப்பாவுக்குப் பதில். கன்று நடுவது இந்த வேலையில் ஒரு சிறு பகுதி, பல சமயம் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த இடம் ஏன் தானாகவே மீளவில்லை என்பது. சூழல் மீட்பு என்ற துறைக்கு உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் ஒன்று உண்டு: சிதைந்த, சேதமான அல்லது அழிந்துபோன ஒரு சூழலமைப்பு மீள்வதற்கு உதவுவது. அந்த "உதவுவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மீள்வது இயற்கையின் வேலை. தடையைக் கண்டுபிடித்து எடுப்பது நம் வேலை. தடை உப்பாக இருக்கலாம், மேய்ச்சலாக இருக்கலாம், வேலிக்காத்தான் என்கிற சீமைக் கருவேலமாக இருக்கலாம், விதை கொண்டுவரும் பறவை இல்லாமல் போனதாகவும் இருக்கலாம்.

இதற்கு அண்ணன் மாதிரியான துறை பாதுகாப்பு உயிரியல். இருப்பது அழியாமல் காப்பது எப்படி என்பது அதன் கேள்வி. 1985இல் மைக்கேல் சூலே என்ற அமெரிக்க உயிரியலாளர் இதை நெருக்கடி காலத் துறை என்று வர்ணித்தார். அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர் எல்லா டெஸ்ட் ரிசல்ட்டும் வரட்டும் என்று காத்திருக்க முடியாது அல்லவா, அது போல. ஓர் இனத்தைப் பற்றி முழுக்கத் தெரிந்துகொள்வதற்குள் அந்த இனமே போய்விடலாம். அதனால் பாதி தெரிந்த நிலையில் முடிவெடுக்கப் பழக வேண்டும், ஆனால் எந்தப் பாதி தெரியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதுகலைக்கும் இளங்கலைக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

அடுத்த கேள்வி இன்னும் சிக்கலானது. மீட்பது சரி, எதுவாக மீட்பது?

கடலூரையும் புதுச்சேரியையும் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் இன்று கண்ணுக்குத் தெரிவது முந்திரி, சவுக்கு, தைலமரம், வேலிக்காத்தான். நான்குமே வெளிநாட்டிலிருந்து வந்தவை. முந்திரி பிரேசில் நாட்டுக்காரர் என்று சொன்னால் சித்தப்பா நம்பமாட்டார். அப்படியானால் இங்கே முன்பு என்ன இருந்தது? பதில் கோயில் காடுகளில் இருக்கிறது. கடலூர் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைகுப்பம், புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகள் மிச்சம். சாமி இருக்கிறது என்ற பயத்தில் யாரும் கோடாலி வைக்காததால் நின்றவை. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பாடப் புத்தகத்தில் பெயர். இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையோரம் இருக்கும் வகை. மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் காய்ச்சல்தான். அப்படியும் இலை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது ஏதோ புதர் போலத் தோன்றும், உயரம் அவ்வளவு இல்லை. உள்ளே போனால் பாலை, வீரை, கருங்காலி, காயா, காட்டெலுமிச்சை, நாவல், அவற்றின் மேல் தடித்த கொடிகள் என்று கண்ணுக்கு இருட்டும்.

1990களில் புதுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருமாணிக்குழியிலும் குழந்தைகுப்பத்திலும் இருந்த மரங்களை அளந்து பட்டியல் போட்டார்கள். இந்த மாதிரிப் பட்டியலைத்தான் துறையில் முன்மாதிரி என்கிறோம். சிதைந்த ஓர் இடத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதற்கான வரைபடம். ஆனால் முன்மாதிரியை அப்படியே நம்பவும் முடியாது. ஊர் நடுவே தீவு போல மாட்டிக்கொண்ட இரண்டு மூன்று ஹெக்டேர் காட்டில், காலப்போக்கில் சில இனங்கள் தாமாகவே உதிர்ந்துபோகும். சிறிய தீவில் குறைந்த இனங்களே தங்கும் என்று மேக்ஆர்தர், வில்சன் என்ற இருவர் 1967இல் கணக்கோடு விளக்கினார்கள். அவர்கள் எழுதியது கடல் தீவுகளைப் பற்றி, நமக்கு அது வயலுக்கு நடுவே நிற்கும் அய்யனார் காட்டுக்கும் ஓரளவு பொருந்துகிறது. ஆக, இன்று கோயில் காட்டில் இருப்பது அன்றைய காட்டின் மிச்சம், அன்றைய காடு அல்ல. எதை நோக்கி மீட்பது என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது என்பதை ஒத்துக்கொள்ளவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது.

ஆரோவில்லுக்குப் போனவர்கள் இன்று பார்க்கும் அடர்த்தியை வைத்து, அது தொடங்கிய 1968ஐக் கற்பனை செய்ய முடியாது. அந்த மேட்டுநிலம் அன்று பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளாக அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும். அங்கேயும் முதல் வேலை மண் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்துவதுதான். அப்புறம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியாவைப் போன்ற முரட்டு மரங்கள். அவை வேகமாக வளரும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், நிழல் தரும். அந்த நிழலில் நம்மூர் பாலையையும் வீரையையும் வைத்து வளர்த்தார்கள். செவிலித்தாய் மரம் என்று இதைச் சொல்லலாம். வெளிநாட்டு மரம் என்றாலே விஷம் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெளிநாட்டு மரம்தான் தீர்வு என்று பேசுகிறவர்களும்தான். செவிலியின் வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போகாமல் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டால் அதுதான் வேலிக்காத்தான் கதை.

மரமே கூடாத இடங்களும் உண்டு. பங்குனி ஆமை முட்டையிட ஏறிவரும் மணல் கரையில் அலை தொடும் தூரம் வரை சவுக்கு வைத்தால் ஆமைக்கு இடமில்லை. இன்னொரு எடுத்துக்காட்டு புதுச்சேரிக் கடற்கரை. நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய கல் தடுப்புகள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து காணாமல் போனது. கல்லைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள்; அரிப்பு இன்னும் வடக்கே மீனவர் குப்பங்களைத் தேடிப் போனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை வைத்த பிறகே நகரத்தின் முன் மணல் திரும்பச் சேரத் தொடங்கியது. இதில் ஒரு கன்றுகூட நடப்படவில்லை. மீட்கப்பட்டது மணலின் நடமாட்டம். பாடத்தில் இதைச் செயல்முறை மீட்பு என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, நடந்தது இதுதான்.

சரி, புள்ளியியலுக்கு வருவோம். இந்தப் படிப்பில் சேருகிறவர்களில் பாதிப் பேர் கணக்குக்குப் பயந்து உயிரியல் எடுத்தவர்கள், நான் உட்பட. முதல் செமஸ்டரிலேயே புள்ளியியல் வந்து கழுத்தில் உட்காரும். எதற்கு இது என்று எனக்குப் புரிந்தது சுனாமி வழியாக.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிச்சாவரம் பகுதியில் பரவலாகச் சொல்லப்பட்டது, அலையாத்திக் காடு பின்னாலிருந்த கிராமங்களைக் காப்பாற்றியது என்பது. 2005இல் பரங்கிப்பேட்டைப் பகுதியில் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது; கடலோரத் தாவரங்கள் இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்றது. மறு ஆண்டே வேறு சிலர் அதே எண்களை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் கடலிலிருந்து தள்ளியும் இருக்கிறது, மேட்டிலும் இருக்கிறது. தூரத்தையும் உயரத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டால், காடு என்ற காரணத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றார்கள்.

காடு காப்பாற்றவில்லை என்று இதற்குப் பொருளா? இல்லை. அலையின் வேகத்தை மரங்கள் குறைக்கும் என்பதற்கு வேறு சான்றுகளும் உள்ளன. ஆனால் அந்த 18 ஊர்களின் எண்களை மட்டும் வைத்து, காப்பாற்றியது காடா, தூரமா, மேடா என்று பிரித்துச் சொல்வது கடினம். இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் காரணங்களைப் பிரித்தெடுக்கத்தான் புள்ளியியல். காட்டின் மேல் பாசம் இருக்கிறது என்பதற்காக நமக்குப் பிடித்த பதிலை எடுத்துக்கொண்டு, கரையோரம் முழுக்க மரம் வைத்தாயிற்று, இனி பயமில்லை என்று குப்பத்து மக்களிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்த வகுப்பிலிருந்து புள்ளியியல் மேல் கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை.

இரண்டு வருடத்தில் வேறு என்ன இருக்கும்? சூழலியல் அடிப்படைகள், மரபியல், வகைப்பாட்டியல், செயற்கைக்கோள் போன்றவை எடுக்கும் தொலையுணர்வுப் படங்களை வாசிப்பது, ஆர் என்ற கணினி மென்பொருள், வனச் சட்டங்கள், கொஞ்சம் சமூகவியல். கடைசி செமஸ்டரில் ஒரு களஆய்வு. விலங்கியல், தாவரவியல் படித்தவர்கள்தான் அதிகம் வருவார்கள்; மற்ற அறிவியல் படித்தவர்களையும் பல இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்திலேயே காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை இருக்கிறது. கடல் பக்கம் ஆர்வம் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். காட்டுயிர் என்றால் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி. டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவற்றில் போட்டி மிகக் கடுமை. வேலையைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், படித்து முடித்த கையோடு நிரந்தரச் சம்பளம் கிடைப்பது அரிது. திட்ட உதவியாளராக ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தாவவேண்டியிருக்கும். வீட்டில் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை, அதற்கான பேச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பாடத்திட்டத்தில் எழுதாத பாடம் ஒன்றும் உண்டு. பிச்சாவரத்தில் கழிமுகச் சேற்றில் உட்கார்ந்து கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர்களோடு ஒரு நாள் இருந்தேன். எந்த வாய்க்காலில் எந்த மாதம் தண்ணீர் கரிக்கும் என்று அவர்கள் வாயால் சொன்னதை, நான் உப்பு மீட்டரை வைத்து மூன்று மாதம் அளந்தேன். அளந்தது வீண் இல்லை, எண் இருந்தால்தான் அறிக்கையில் ஏறும். ஆனால் எங்கே அளப்பது என்று எனக்குக் காட்டியது அவர்கள்தான். தாவரப் பெயரிலும் இப்படித்தான். இலத்தீன் பெயர் இல்லாமல் ஆய்வு நடக்காது, ஊர்ப் பெயர் தெரியாமல் ஊரில் யாரிடமும் பேச முடியாது. தில்லை மரத்தை இலத்தீனில் மட்டும் தெரிந்துகொண்ட ஒருவர், சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஏன் பெயர் என்பதைத் தவறவிட்டிருப்பார். அந்த மரம் இன்று நிற்பது பிச்சாவரத்தில்.

இந்தப் படிப்பு ஒத்துவருமா என்று சேருவதற்கு முன் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. பக்கத்திலுள்ள ஒரு கோயில் காட்டுக்குப் போங்கள். பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுக்கொண்டு, செருப்பை வெளியே விட்டு, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் மார்பு உயரத்தில் தையல் டேப்பால் அளந்து எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அ, ஆ, இ என்று குறியுங்கள். கிளையை ஒடிக்காமல் இலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குனிந்து தரையைப் பாருங்கள். பெரிய மரமாக நிற்கும் இனங்களில் எவற்றுக்குக் கன்று இருக்கிறது, எவற்றுக்கு இல்லை என்று தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். மறு வாரம் ஒரு முந்திரித் தோப்பில் அதே அளவுச் சதுரம்.

நான் இதைச் சித்தப்பாவின் தோப்பில்தான் செய்தேன். கயிற்றின் மறுமுனையை அவர்தான் பிடித்தார். முந்திரிக்கு அடியில் ஒரு முழ உயரத்தில் நின்ற கன்றைக் காட்டி, நான் வைக்கலையே, இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார். நாவல் கன்று. அண்ணாந்து மேலே பார்த்தேன்; முந்திரிக் கிளையில் கொண்டைக்குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது.